சீராக வந்த தையல் மிஷின்

"அண்ணே, நீங்க போட்ட தையல் மிஷினு நின்னுபோச்சு. தீபாவளி நேரம் வேற. வந்து என்னான்னு பாத்துட்டுப் போங்க."

ராக்கம்மாள் போனில் பேசினால் தெருமுனை வரைக்கும் கேட்கும். அடுத்த அறையில், பாதி தைத்த ரவிக்கை ஊசிக்கடியில் மாட்டிக்கொண்டிருக்க, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகள் பவதாரிணிக்குக் கேட்காமல் இருக்குமா? போனின் மறுமுனையில் இருந்தது அவளுடைய அப்பா நல்லகாமன். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டுகிறவர். "வந்துர்றேன் தங்கச்சி" என்பதைத் தவிர வேறு பதிலை அவர் இந்த வீட்டுக்குச் சொன்னதே இல்லை.

பவதாரிணி எழுந்து வந்தாள். "அவரை எதுக்கு அத்த கூப்புடுறீங்க? தச்ச காசு இருக்குல்ல, அதுல பாப்போம்னு காலையிலயே சொன்னேன்ல?"

"அதெப்புடி? சீரா வந்த சாமான் பழுதானா பொறந்த வீடுதான் பாக்கணும். இத நானா கண்டுபிடிச்சேன்? ஊரு வழக்கம்."

ஊர் வழக்கமாம்! இதை ஏற்படுத்திய புண்ணியவான் யாரென்று எவருக்கும் தெரியாது. கிரைண்டரும் மிக்ஸியும் ஊருக்குள் வருவதற்கு முன்னாலேயே அவற்றுக்கும் சேர்த்து ஏற்பாடு பண்ணிவிட்டான் போலிருக்கிறது. பவதாரிணி கல்யாணமாகித் திருநகருக்கு வந்த மூன்று வருஷத்தில் கட்டில் கால் ஆடியது, நல்லகாமன் வந்தார். பீரோ பூட்டு மக்கர் பண்ணியது, நல்லகாமன் வந்தார். ஒவ்வொரு தடவையும் அன்றைய கூலியை விட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வருவார். செலவைக் கொடுப்பார். ஏதோ தானே உடைத்துவிட்ட மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போவார்.

அந்த மிஷினில் தைத்து வருகிற காசு மட்டும் புகுந்த வீட்டுக் காசு. தைத்த துணியை வாங்க வருகிறவர்கள் பணத்தை ராக்கம்மாளிடம்தான் கொடுக்க வேண்டும். அவள் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். மகன் சிவபாண்டியின் பைக் தவணை அதிலிருந்துதான் போகிறது. உழைப்பு மருமகளுக்கு, வரவு மாமியாருக்கு, செலவு கரும்பு வெட்டுகிறவருக்கு. இதைக் கேட்டு வயிறு எரியாதவர்கள் பாக்கியசாலிகள்.

சித்திரையிலேயே மிஷின் ஒரு மாதிரி கடகடத்தது. அப்போதே சர்வீஸ் பண்ணிவிடலாம் என்று பவதாரிணி சொன்னாள். "ஒங்கப்பாகிட்டச் சொல்லு" என்று பதில் வந்தது. அப்பாவிடம் சொல்ல அவளுக்கு மனசில்லை. தானே எண்ணெய் விட்டு, நூல் பிசிரைத் தட்டித் தட்டி ஓட்டிக்கொண்டிருந்தாள். தீபாவளித் துணி வந்து குவிந்ததும் மிஷினுக்கு மூச்சு முட்டிவிட்டது.

மறுநாள் காலையில் டவுனிலிருந்து மெக்கானிக் சேக் இஸ்மாயில் வந்தார். மிஷினைத் தூக்கிச் சாய்த்து அடியில் பார்த்தவர் உச்சுக் கொட்டினார்.

"என்னம்மா, இம்புட்டுப் பிசிரு அடைஞ்சு கெடக்கு? கீழ்நூலு இழுக்குற ஷட்டிலு தேஞ்சுபோச்சு. மோட்டாரும் கருகிருச்சு. ஆறு மாசம் முன்னாடி கூப்பிட்டிருந்தா முந்நூறு ரூவாயில முடிஞ்சிருக்கும். இப்ப மூவாயிரத்தத் தொட்டுரும்."

"அவங்கப்பா வாராரு பாய். நீங்க நல்ல சாமானாவே போடுங்க" என்றாள் ராக்கம்மாள், ரொம்பத் தாராளமாக.

இஸ்மாயில் வேலையில் பாதியில் இருக்கும்போது நல்லகாமன் வந்து சேர்ந்தார். அதே சலவைச் சட்டை, அதே வாழைப்பழச் சீப்பு. கரும்புத் தோகை கிழித்த கீறல்கள் கையெல்லாம். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். கையிலிருந்த காபியைக் குடிக்கவும் மறந்து, திறந்து கிடந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாக வேலை முடிந்தது. இஸ்மாயில் ஒரு துண்டுத் துணியை வைத்து ஓட்டிக் காட்டினார். தையல் வரிசையாக விழுந்தது.

"ரெண்டாயிரத்து எண்ணூறு குடுங்க போதும்."

நல்லகாமன் சட்டைப்பைக்குள் கையை விட்டார். பவதாரிணி வந்து குறுக்கே நின்றாள்.

"அப்பா, காச உள்ள வைங்க."

"சும்மா இரு தாயி. செய்யவேண்டிய மொறதான?"

"இருங்கப்பா. அத்த, ஒண்ணு கேக்குறேன். இந்த மிஷினு யாருது?"

"இதென்னடி கேள்வி? நம்ம வீட்டுதுதான்."

"நம்ம வீட்டுதுன்னா நம்ம வீட்டுக் காசுல ரிப்பேர் பாப்போம். இல்ல, எங்கப்பாதான் பாக்கணும்னா மிஷினு அவருது. அப்ப இம்புட்டு நாளு தச்ச காசும் அவருதுதான். பீரோவத் தொறந்து எடுத்து அவரு கையில குடுங்க."

இஸ்மாயில் சுத்தமாக இருந்த ஸ்க்ரூ டிரைவரை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். சோபாவில் இருந்த சிவபாண்டி தலையை நிமிர்த்தினான்.

"ஏய், வெளியாளு இருக்காருல்ல. அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம்னா எப்ப? எங்கப்பா காச வச்சுட்டுப் போன பெறகா? ஒங்க பைக்குத் தவணை எதுல போகுதுன்னு நீங்களே சொல்லுங்க."

சிவபாண்டி மறுபடி போனுக்குள் குனிந்தான். அவன் கெட்டவன் இல்லை. அம்மாவும் பொண்டாட்டியும் பேசும்போது போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற ரகம். இந்த ரகத்தால்தான் பாதி வழக்கங்கள் உயிரோடு இருக்கின்றன.

"ஒங்க மக பேசுறதக் கேட்டீங்களாண்ணே?" ராக்கம்மாளின் குரல் உடைந்தது. "நாங்கல்லாம் எங்க மாமியாகிட்ட வாயத் தொறந்திருப்பமா?"

நல்லகாமன் பதறி எழுந்தார். "தாயி, மானத்த வாங்காத. காசுதான, குடுத்துட்டுப் போறேன்."

"குடுங்கப்பா. குடுத்தா இந்த மிஷினு அலங்காநல்லூருக்கு வந்துரும். பாய், வெளிய ஒரு ஆட்டோ புடிச்சுத் தாங்க. நானும் கூடவே போயி அங்க ஒக்காந்து தைக்கிறேன். தீபாவளித் துணி கேட்டு வாரவங்களுக்கு அத்த பதில் சொல்லட்டும்."

ராக்கம்மாள் மூலையில் குவிந்திருந்த துணிகளைப் பார்த்தாள். தெருவில் பாதிப் பேருடைய ரவிக்கை அங்கே வெட்டிப் போட்டபடி கிடந்தது. மருமகளின் முகத்தையும் பார்த்தாள். வெறும் பேச்சாகத் தெரியவில்லை. இடுப்பிலிருந்து சாவியை உருவித் தரையில் விட்டெறிந்தாள்.

பவதாரிணி குனிந்து எடுத்துக்கொண்டாள். அதில் அவளுக்கு ஒரு வெட்கமும் இல்லை. பீரோவைத் திறந்து இஸ்மாயிலுக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்தாள். சாவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"இனிமே தையல் காச நானே வாங்கிக்கிறேன் அத்த. வீட்டுச் செலவுக்கு எம்புட்டு வேணும்னு கேளுங்க, தாரேன். மூணு மாசத்துக்கு ஒருக்கா பாய் வந்து மிஷினப் பாத்துட்டுப் போவாரு."

ராக்கம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பாவைப் பஸ் ஏற்றிவிட பவதாரிணியும் கூட நடந்தாள். திருமங்கலம் ரோடு வரும்வரை நல்லகாமன் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். பெரியார் பஸ் ஸ்டாண்டு போகிற பஸ் நிற்கும் பக்கத்தில் வந்து நின்ற பிறகு, மகளைச் சமாதானப்படுத்துகிற மாதிரி மெல்லச் சொன்னார்.

"கடன உடன வாங்கியாந்தேன்னு நெனச்சுட்டியா தாயி? அதெல்லாம் இல்ல. நம்ம வீட்டுக் கிரைண்டரு நின்னுபோச்சுன்னு எடுத்து வச்ச காசு. அது ஒங்க மதினி கொண்டாந்த கிரைண்டராச்சே! கல்லுப்பட்டிக்கு ஒரு போனப் போட்டேன். அவ அப்பா மறுநாளே வந்து செஞ்சு குடுத்துட்டாரு. அதான் இது மிஞ்சுச்சு."

மதினி என்றால் பவதாரிணியின் அண்ணன் பொண்டாட்டி மீனா. டி. கல்லுப்பட்டிக்காரி. அவளுடைய அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. நல்லகாமன் இதைக் கள்ளத்தனமாகச் சொல்லவில்லை. நல்ல சேதி சொல்கிற முகத்தோடுதான் சொன்னார்.

பவதாரிணி அப்பாவின் சட்டைப்பையைப் பார்த்தாள்.

"அவருக்கும் அன்னைக்குக் கூலி போயிருக்கும்லப்பா?"

"அது... மொறதான தாயி."

"அந்தக் கிரைண்டருல அரச்ச மாவ யாருப்பா தின்னா?"

நல்லகாமன் ரோட்டைப் பார்த்தார். பெரியார் பஸ் வந்து நின்றது. அவர் ஏறப் போனார். அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

"வாங்க, எதிர்ப் பக்கம் போவோம். கல்லுப்பட்டி பஸ்ஸு அங்கதான் நிக்கும். இந்தக் காச அவரு கையில குடுத்துட்டு அப்புறம் வீட்டுக்குப் போங்க."

"இன்னைக்கேவா? எதுக்குன்னு கேட்டா என்ன சொல்ல? கேவலமாப் போயிரும் தாயி."

"வாங்கும்போது கேவலமா இல்லையாப்பா?"

மகள் முன்னால் நடக்க, அவர் பின்னாலேயே ரோட்டைக் கடந்தார். கல்லுப்பட்டி பஸ் வந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் ஏறினார்.

பவதாரிணி உடனே வீட்டுக்குத் திரும்பவில்லை. அப்பா தங்கமான மனுஷர், அதில் சந்தேகமில்லை. அத்தையைக்கூடத் திருநகரில் எல்லோரும் தங்கமான மனுஷி என்றுதான் சொல்கிறார்கள். எந்த நேரமும் அப்பா இறங்கிவிடக்கூடும் என்று, பஸ் கண்ணைவிட்டு மறையும்வரை அதன் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.