மூவாயிரம் பேர் பார்த்த பெனால்டி

மிரான் ஓடிக்கொண்டிருந்தாள். கையில் வெள்ளை டேப் சுருள். பின்னால் நான்காவது நடுவர், இடத்தை விட்டு நகரக்கூடாது என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் திரும்பவில்லை. நாற்பத்து மூன்று வயதில், இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டையும் மாட்டிக்கொண்டு இவ்வளவு வேகமாக ஓட முடியும் என்று அவளுக்கே தெரியாது.

சீசனின் கடைசி ஆட்டம். சொந்த மைதானத்தில் ஹேவொன் அணி 1-1. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. பந்து பட்டது எதிரணிக்காரன் தோளிலா கையிலா என்று நடுவர் ஓரத்துத் திரையில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார். கை என்றால் பெனால்டி.

ஹேவொனுக்குக் கீழே இருந்தது கங்சோங் மட்டும். அதுவும் ஒரே ஒரு புள்ளி பின்னால். இருநூறு கிலோமீட்டர் தள்ளி அவர்களும் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள். கங்சோங் ஜெயிக்காவிட்டால் ஹேவொனுக்கு டிராவே போதும். ஜெயித்துவிட்டால் ஹேவொனும் ஜெயித்தாக வேண்டும். இல்லையென்றால் கடைசி இடம், அடுத்த வருடம் இரண்டாம் டிவிஷன்.

அந்த ஆட்டத்தின் ஸ்கோரைப் பற்றி வாயைத் திறப்பவனுக்கு இனி என் பஸ்ஸில் இடமில்லை என்று தக் கோச் காலையிலேயே சொல்லியிருந்தார். அணியின் ஜெர்சி, ஷூ, சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் மிரானும் தலையாட்டியிருந்தாள். போனை மட்டும் ஐஸ் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தாள்.

வடக்கு கேலரியில் மேளம் நின்று சில நிமிடமாகியிருந்தது. ரசிகர் மன்றத் தலைவன் பான்சோக் கம்பியில் சாய்ந்து நின்றான். மிரான் அவன் காதில் நாலு வார்த்தை சொன்னாள், டேப்பைக் கையில் திணித்தாள், திரும்ப ஓடினாள். பாதி வழியில் மேளம் அதிர்ந்தது. மூவாயிரம் பேர் எழுந்து பாட ஆரம்பித்தார்கள்.

நடுவர் பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

கேப்டன் கணுக்கால் பிசகி வெளியே. பட்டியலில் அடுத்து அடிக்க வேண்டியவன் தோயுல். இந்த சீசனில் மூன்று பெனால்டி அடித்து மூன்றையும் வீணடித்தவன். மூன்றாவதற்குப் பிறகு ரசிகர்கள் அணியின் பஸ்ஸை ஒன்றரை மணி நேரம் மறித்தார்கள். அவன் இறங்கி வந்து மழையில் தலைகுனிந்து நின்றான். மைக்கைப் பிடித்துக் கேள்வி கேட்டவன் பான்சோக்தான். அன்றிலிருந்து பயிற்சியில்கூட, பந்தைப் புள்ளியில் வைத்தாலே தோயுலுக்குக் கால் நடுங்கும்.

தண்ணீர் குடிக்கும் சாக்கில் எல்லைக் கோட்டுக்கு வந்தான். உதடு வெளுத்திருந்தது.

"அக்கா, மேளம் ஏன் நின்னுச்சு?"

"குச்சி உடைஞ்சு போச்சாம். டேப் குடுத்துட்டு வந்தேன்."

"அங்க ஸ்கோர் என்னக்கா? சொல்லு. கோச் அந்தப் பக்கம்தான் பாக்குறார்."

மிரான் பாட்டிலை மூடினாள். "கங்சோங் ரெண்டு கோல் வாங்கிட்டுத் தோத்துட்டு இருக்கான். நமக்கு டிராவே போதும். நீ வானத்துல அடிச்சாலும் தப்பிச்சோம்."

"நெஜமாவா?"

"கேலரியப் பாரு. கீழ எறங்கப் போறவன் இப்படியா ஆடுவான்?"

பார்த்தான். அந்தக் குளிரில் பான்சோக் சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டிருந்தான். தோயுலுக்கு மூச்சு புகையாக வெளியே வந்தது. கூடவே சிரிப்பும். பூங்காவில் நடப்பவன் மாதிரி நடந்து போய்ப் பந்தை வைத்தான். கோல்கீப்பர் இடது பக்கம் பாய்ந்தான். பந்து அவசரமே இல்லாமல் வலது மூலைக்குள் உருண்டது.

2-1. விசில்.

தக் கோச் புல்லில் மல்லாந்து படுத்துவிட்டார். மிரான் ஐஸ் பெட்டி மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். பல மாதம் கழித்து அவள் தோள்கள் இறங்கின. தடுப்பைத் தாண்டி வந்த பான்சோக், தோயுலைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதான். தோயுலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்னண்ணே, அன்னைக்கு மைக்க வெச்சு என்னைக் கிழிச்சீங்க. இன்னைக்கு ஒரு உப்புச்சப்பில்லாத கோலுக்கு இந்த அழுகை அழுறீங்க. இது போகாட்டியும் நாம தப்பிச்சிருப்போமே."

பான்சோக் மூக்கைத் துடைத்துக்கொண்டு மிரானைப் பார்த்தான். "நீங்களே சொல்லிடுங்கக்கா. பொய்யா பாடிப் பாடி எங்க தொண்டையே போச்சு."

மிரான் போனை எடுத்து தோயுல் கையில் வைத்தாள்.

கங்சோங் 2, எதிரணி 0. இரண்டாவது கோல், எண்பத்தெட்டாவது நிமிடம்.