ஒரே லைனில் மூன்று பேர்

...என் கேட்டில்தான் ஒன்றும் நடக்கவில்லையே, மோதியது அடுத்த கேட்டில், ஜோதி மேரி கேட்டில், கரும்பு டிராக்டரின் பின்பக்கத்தைக் கூட்ஸ் வண்டி இடித்து டிரைவருக்குக் கால் முறிந்தது, அதற்கு என்னை ஏன் சிதம்பரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள்... பக்கத்து கேட் கீப்பர்களையும் கூப்பிடுவது வழக்கமாம். உள்ளே இருப்பவர் பாதுகாப்பு ஆணையர், ரயில்வேக்கு அடங்காதவர், விமானத் துறைக்குக் கீழே வருகிறவராம், ரயில்காரன் தப்பை ரயில்காரனே விசாரிக்கக் கூடாதென்று அப்படி ஓர் ஏற்பாடு, நேற்று தண்டவாளத்தில் குந்தி டேப் பிடித்து அளந்தாராம். முதலில் உள்ளே போய்விட்டு வந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர் அறிவழகன். கேட்டை மூடினால்தான் நாங்கள் போனில் அவருக்கு ரகசிய நம்பர் கொடுப்போம், நம்பர் வந்தால்தான் வண்டிக்குச் சிக்னல், மூடிவிட்டேன் என்று சொல்லித்தான் ஜோதி நம்பர் கொடுத்தாள் என்றிருப்பார், வேறென்ன சொல்வார்.

பக்கத்தில் அவள், இரண்டாவதாக உள்ளே போய்விட்டு வந்தவள். வேலை போகப்போகிறது, இதிலும் தலையில் பூ! எனக்கு அவளைப் பிடிக்காது, சொன்னால் என்ன. அவளுக்கு முன்னால் சேர்ந்தவள் நான், புவனகிரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறேன், என்னிடம் ஸ்டேஷன் மாஸ்டர் “நம்பர்” என்பார், அவ்வளவுதான், அவளிடம் மட்டும் “சாப்ட்டியா ஜோதி, வெயில்ல நிக்காத.” எனக்கெப்படித் தெரியும்? எல்லாக் கேட்டுக்கும் ஒரே போன் லைன், என் நம்பரைக் கொடுத்த பிறகும் ரிசீவரை வைக்க மாட்டேன், வயிறு எரிய எரியக் கேட்பேன், தினமும்... அன்றும் கேட்டேன். “டிராக்டர் நடுவுல நின்னுபோச்சி சார், கேட்ட மூட முடியல.” “அதுக்குள்ள போயிடும், நீ நம்பர குடு ஜோதி, வண்டி லேட்டாவுது.” கொடுத்துவிட்டாள், கழுதை. அந்தக் குரலுக்குக் கொடுத்தாள். என்னிடம் அப்படி ஒரு தடவை கேட்டிருந்தால்... நான் கொடுத்திருக்க மாட்டேனா?

பேச்சைப் பதிகிற மிஷின் ரிப்பேர், கேட்ட காது என்னுடையது ஒன்றுதான். சொன்னால் முழுப் பழியும் அவள் தலையில் விழாது. சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள், லைனில் நானும் அவரும்... சீ, என்ன மனசு இது. சொன்னாலும் ஆணையர் சும்மா விடுவாரா, உன் நம்பரைக் கொடுத்த பிறகு ரிசீவரை ஏன் காதில் வைத்திருந்தாய் அம்மா என்பாரே, அதற்கு என்ன சொல்ல?

“மலர்க்கொடி!” பியூன் கூப்பிட்டுவிட்டான். எழுந்தேன், ஜோதி என் கையைப் பிடித்தாள், ஜில்லென்றிருந்தது. “அக்கா, உங்க பேர நான் சொல்லல. ஆனா நீங்க தினம் லைன்ல இருப்பீங்கன்னு தெரியும். உங்க ரூம் ஃபேன் கீச்சுகீச்சுன்னு கேக்கும்.”

கையை விடுவித்துக்கொண்டு கதவுவரை நடந்துவிட்டேன்... ஃபேன் சத்தம் அவளுக்குக் கேட்டதென்றால் அவருக்கும் கேட்டிருக்கும், நான் இருப்பது தெரிந்தேதான் இத்தனை நாளும் அவளை மட்டும் கேட்டிருக்கிறார், சாப்பிட்டாயா என்று.