பவித்ரியின் பங்கு ஈரல்

நேபாளத்து ஜனக்பூர்ப் பக்கத்து வீடுகளில் ஆண்கள் சாப்பிட்டு, மாமியார் சாப்பிட்டு, கடைசியில்தான் மருமகள்கள் தட்டெடுப்பார்கள். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அப்படி ஒரு வீட்டின் இளைய மருமகள் பவித்ரி, ஏழு மாதக் கர்ப்பிணி. விளக்கேற்றும் நேரமானால் அவளுக்குக் கண் இரண்டும் இருண்டுபோகும். தட்டு எங்கே என்று தரையைத் தடவித்தான் சோற்றைத் தொடுவாள்.

அது மாலைக்கண், சத்துக் குறைவு, ஈரலும் கீரையும் கொடுத்தால் தெளிந்துவிடும் என்று சுகாதாரத் தொண்டுப் பெண் மாமியாரிடம் வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். பேரன் ஆசை யாரை விட்டது? மாமியார் வாரம் இருமுறை ஆட்டீரல் வாங்கினாள். சமைத்துப் பரிமாறுவது மூத்தவள் சுனர்வதி.

சுனர்வதிக்கு வயிறெரிந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கும் இதே கதிதான். அப்போது ஈரலா கொடுத்தார்கள்? வேலைக்கள்ளி என்றார்கள். அடிபம்பு மேடையில் இடறி விழுந்து, ஐந்து மாதக் கரு கலைந்ததுதான் மிச்சம்.

அதனால் பவித்ரியின் எதிரிலேயே உட்கார்ந்து, அவள் விழித்த கண்ணைப் பார்த்துக்கொண்டே அந்த ஈரலைத் தின்றாள். என்ன நெஞ்சழுத்தம்! முதல் நாள் மட்டும் மெல்லாமல் விழுங்கினாள். அப்புறம் ருசி பழகிவிட்டது.

"ஈரல் வாசம் வருதே தீதி, எனக்கு இல்லையா?" என்று அக்கா முறை சொல்லி ஒருநாள் பவித்ரி கேட்டாள்.

"அது ஆம்பளைங்களுக்கு ஆக்கினது. கேட்டுகீட்டு வைக்காதே, அத்தை தோலை உரிச்சிடுவா."

பவித்ரி நம்பினாள். வெறும் பருப்புத் தண்ணீரைப் பிசைந்து தின்றாள்.

ஒரு மாதம் போயிற்று. மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. அன்று அந்தியில் உள்ளறையிலிருந்தே கத்தினாள். "இத்தனை ஈரலைத் தின்னுட்டு இன்னும் கண்ணு தெரியலையாம். மூத்தவ ஆடின அதே நாடகம். குடத்தை எடுத்துட்டுப் போய்த் தண்ணி பிடிச்சுட்டு வாடி."

பவித்ரி சுனர்வதி இருந்த பக்கமாக முகத்தை மட்டும் திருப்பினாள். பிறகு சுவரைப் பிடித்து எழுந்து, குடத்தைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

சுனர்வதி உண்மையை ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அவளைப் பிறந்த வீட்டுக்குத் துரத்திவிடுவார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை, வாயில் ஈரல் இருந்தது.

அடிபம்புப் பக்கம் குடம் உருண்டது. அப்புறம் பவித்ரியின் குரல், "தீதி" என்று. அந்த வீட்டில் கூப்பிட அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

சுனர்வதி எழுந்தாள். மாமியார் விளக்கோடு வந்துவிடுவாளே என்று, வாயிலிருந்ததை நன்றாக மென்று விழுங்கி, உதட்டைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் ஓடினாள்.