மறுபடியும் எட்டாவது

தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்ததுமே அப்பா அதன் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார்.

"ஸ்க்ரூ லூசு," என்றார். மகள் சிரிக்கவில்லை.

அவர் சோபாக் கடையில் விற்பனையாளர். மழைக்கு ஒதுங்கியவரைக்கூடப் பேசிப் பேசியே சோபாவுக்கு முன்பணம் கட்ட வைத்துவிடுவார். கடையில் அவருக்குத் 'தேன்வாய்' என்று பெயர். அந்த வாயை நம்பித்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார். மகளின் மதிப்பெண்களை நம்பி வர முடியாது. ஆறாவது சுமார், ஏழாவது மோசம், எட்டாவதில் கணக்கும் அறிவியலும் தரை தட்டிவிட்டன. விண்ணப்பித்த மூன்று விடுதிப் பள்ளிகளில் இரண்டு, மதிப்பெண்களைப் பார்த்த கையோடு முடியாது என்று சொல்லிவிட்டன. நுழைவுத் தேர்வில் தட்டுத்தடுமாறித் தேறியதால் இந்தப் பள்ளி மட்டும் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது.

விடுதிக்குப் போகிறேன் என்றது அவள்தான். "இங்க எல்லாரும் என்னை மக்குன்னு முடிவு பண்ணிட்டாங்கப்பா. கை தூக்கினாலே சிரிக்கறாங்க," என்று ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மறுநாளே தம்பியின் ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்திலிருந்து போட ஆரம்பித்தாள். அவன் கிண்டலடித்துப் பார்த்தான். அவள் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

பேருந்தில் வரும்போதே அப்பா பாடம் நடத்தியிருந்தார். "மார்க்கு ஏன் குறைஞ்சுதுன்னு கேப்பாங்க. அம்மாவுக்கு உடம்பு முடியல, வீடும் ஆஸ்பத்திரியுமா அலைஞ்சோம்னு சொல்லிடு. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

உள்ளே தலைமையாசிரியையோடு கணக்கு ஆசிரியரும் இருந்தார். எதிர்பார்த்த கேள்வி முதலிலேயே வந்தது. மகள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அது வந்து மேடம், அந்த வருஷம் இவ அம்மா படுத்த படுக்கையா..."

"இல்ல மேடம்," என்றாள் மகள். "அம்மா நல்லாத்தான் இருந்தாங்க."

அப்பாவுக்குக் காது மடல் சுட்டது. கால் பெருவிரலைச் செருப்புக்குள் மடக்கிக்கொண்டார்.

"பின்னக் கணக்கு வந்தப்பவே எனக்கு விட்டுப்போச்சு. மத்தவங்களுக்கெல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு, நானும் தலையாட்டிட்டேன். அதுக்கப்புறம் எதுவுமே புரியல. வேற காரணம் இல்ல மேடம். இப்ப ஆறாவதுலேர்ந்து திரும்பப் போடறேன். ஏழாவதுல பாதி வந்துட்டேன்."

கணக்கு ஆசிரியர் எழுந்து பலகையில் ஒரு கணக்கை எழுதினார். அவள் நாலைந்து வரி போட்டுவிட்டு நின்றாள். அப்பாவுக்கு விடை தெரியாது. தெரிந்திருந்தால் ஜாடையாவது காட்டியிருப்பார்.

"இது வரைக்கும் சரி சார். இதுக்கு மேல தெரியல," என்றாள்.

"ரெண்டு பக்கமும் எதால வகுத்தா அந்த நாலு போகும்?"

அவள் யோசித்தாள். உள்ளங்கையால் ஒரு வரியை அழித்துவிட்டு மீதியைத் தானே முடித்தாள். ஆசிரியர் தலைமையாசிரியையைப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஒன்பதாவதுல சேத்தா நீ திணறிடுவே," என்றார் தலைமையாசிரியை. "மறுபடி எட்டாவது படிக்கறதா இருந்தா யோசிக்கலாம். உன்னைவிடச் சின்னப் பசங்களோட உக்காரணும்."

அப்பா பேரம் பேச நிமிர்ந்தார். ஒரு வருடம் வீணாகும், சொந்தபந்தம் வாய்க்கு வந்ததைப் பேசும். அதையெல்லாம் நாசூக்காக எப்படிச் சொல்வது என்றுகூட மனசுக்குள் அடுக்கிவிட்டார். மகள் அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எட்டாவதே படிக்கறேம்பா. சரியா?"

அந்த முகத்தில் கெஞ்சல் இல்லை. இந்தப் பெண் எப்போது இவ்வளவு வளர்ந்தாள் என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது. பேசியே பிழைத்தவருக்கு, "அவ சொன்னா சரிதான் மேடம்," என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

அடுத்த வாரம் சொல்கிறோம் என்றார்கள். வெளியே வந்ததும் வீட்டுக்குப் போன் செய்தார்.

"என்னைப் படுக்கையில போட்டீங்களா?" என்றாள் மனைவி.

"போட்டேன். உம் பொண்ணு எழுப்பி உக்கார வச்சிட்டா."

திரும்பும் பேருந்தில் மகள் அவர் தோளில் சாய்ந்து, வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். முன் இருக்கைக்காரர் திரும்பி, "பொண்ணு என்ன படிக்குது?" என்று கேட்டார்.

"எட்டாவது போகப் போறா," என்றார் அப்பா. "ரெண்டாவது தடவை."

பரிசு வாங்கிய செய்தி போல அவர் அதைச் சொன்னதும் முன் இருக்கைக்காரர் குழம்பிப்போய்ச் சிரித்து வைத்தார். பேருந்து வளைவில் திரும்பியபோது வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அப்பா கையை ஜன்னலில் விரித்து வைத்து மறைத்தார். அடுத்த வளைவில் வெயில் எதிர்ப்பக்கம் போய்விட்டது. அவர் கையை எடுக்கவில்லை.