தொழுவத்துக் காவல்

சிவபாண்டிக்கு ஈறு வீங்கி ஒரு மாதமாகிறது. பல் தேய்த்தால் ரத்தம், கொய்யாவைக் கடித்தால் பழத்தில் ரத்தம். முன்பல் ஒன்று நாக்கு பட்டாலே ஆடியது. அலங்காநல்லூரில் அவன் குரல் கேட்டால் தெருநாய்கூட எழுந்து ஒதுங்கும். அப்பேர்ப்பட்ட ஆள், டாக்டருக்குப் பயந்து இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துத் தின்றுகொண்டிருந்தான்! பொறுக்கமாட்டாமல் மனைவி ஒச்சம்மாள்தான் அவனை மதுரைக்கு இழுத்து வந்தாள்.

வந்தவனுக்கு மனமெல்லாம் வீட்டுத் தொழுவத்தில் கிடந்தது. அங்கே கருப்பன் நிற்கிறான், ஜல்லிக்கட்டுக் காளை, பிள்ளையில்லாத வீட்டுக்கு அவன்தான் பிள்ளை. போன பொங்கலுக்குக் காளைக்கு டோக்கன் வாங்கும் வரிசையில் முந்தினான் என்று கீழத்தெரு அழகுபாண்டியைச் சிவபாண்டி ஊர் பார்க்க அறைந்துவிட்டான். "உன் காளை இனி வாடிவாசலைப் பாக்காதுடா" என்று சொல்லிவிட்டுப் போனான் அவன். அன்று பிடித்தது பயம். பங்காளிகளைக் கூட்டி, ஆளுக்கொரு அருவாளோடு காவல் வைத்தான். அவர்களையும் முழுசாக நம்பவில்லை.

"என்னையும் ஒச்சம்மாளையும் தவிர எவனாச்சும் கருப்பன் கயித்தைத் தொட்டீங்க, கையை எடுத்துருவேன்!"

கோரிப்பாளையத்துப் பல் டாக்டர் ஷைமா ஈறுக்குள் கம்பியை விட்டாள். சிவபாண்டி அலறினான்.

"கிருமி எலும்பைத் தின்னுருச்சா டாக்டரம்மா?"

"கிருமி இருக்குண்ணே. ஆனா நாசம் பண்றது பெரும்பாலும் அது இல்ல. அதை அடிக்க உங்க ரத்தத்துலேர்ந்து படை வருது. கிருமி பல் இடுக்குல படிஞ்ச காரைக்குள்ள பதுங்கிக்கிச்சு. ஆள் சிக்கலைன்னா படை திரும்பணும்ல? திரும்பாது. மேல மேல வந்து, சொந்த ஈறையும் எலும்பையுமே கரைச்சுருது. உங்களுக்குச் சர்க்கரை வேற, கேக்கவே வேணாம்."

"அப்ப படைக்கு இன்னும் பலம் குடுங்க. ஊசி போடுங்க."

"நல்லா சொன்னீங்க போங்க! காரையைச் சுரண்டி எடுத்தா படை தானா அடங்கும்."

அதற்குள் போன் அடித்தது. காவலுக்குத் தலைவனான சுடலை.

"அண்ணே, கீழத்தெருக்காரன் ஒருத்தன் வைக்கப்படப்புக்குள்ள பூந்துட்டான்!"

"விடாதீங்கடா, வெட்டுங்க!" என்று வாயில் பஞ்சோடு கத்தினான் சிவபாண்டி.

ஊர் எல்லையிலேயே புகை தெரிந்தது. ஒச்சம்மாள் பைக்கில் இருந்தபடியே அலறத் தொடங்கினாள்.

படப்பில் குத்தித் தேடியும் ஆள் அகப்படவில்லையாம். வெளியே வரவைக்கத் தீ வைத்திருக்கிறார்கள், பாவிகள். வந்தவன் சுவரேறிக் குதித்து ஓடிப்போனான். புகைக்குள் அருவாளை வீசி, தங்களுக்குள்ளேயே ஒருவன் காதை ஒருவன் அறுத்துக்கொண்டதுதான் மிச்சம். காற்று தீயைத் தொழுவத்துக் கூரைக்குத் தள்ளியது.

கருப்பன் கட்டுத்தறியோடு வெந்து கிடந்தான். கால்கள் தரையைக் கிளறித் தோண்டியிருந்தன. பெற்ற வயிறு எரிவதுபோல் எரிந்தது சிவபாண்டிக்கு.

"கயித்தை அறுக்கலையாடா? கையில அருவா இருந்துச்சே!"

சுடலை தலையைக் குனிந்தான். "தொடக்கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க."

ஒரே அறை. விழுந்தவனை நெஞ்சில் மிதித்தான், முகத்தில் மிதித்தான், மூக்கு உடையும் வரை மிதித்தான். ஒச்சம்மாள் காலைக் கட்டிக்கொண்ட பிறகுதான் நின்றான்.

சுடலை ரத்தத்தை வழித்துக்கொண்டு எழுந்தான். "என்னை அப்புறம் அடிங்கண்ணே. இப்பவே கீழத்தெருவுல பூந்து அம்புட்டுப் பேரையும் வெட்டிட்டு வாரோம்!"

அதற்குள் சேதி கேட்டு இன்னும் பங்காளிகள் பைக்குகளில் வந்து இறங்கினார்கள். எல்லார் கையிலும் அருவாள். சிவபாண்டி அவர்களைப் பார்த்தான். வாயில் ரத்தம் ஊறியது. துப்பினான், முன்பல் கரியில் விழுந்தது.

"அவன் என் கருப்பனைத் தொடக்கூட இல்லடா. கொன்னது நாம. வீட்டுக்குப் போங்க."

யாரும் நகரவில்லை.

"போங்கடா!" என்று கத்தினான். பிறகு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டு, வெறுங்கையோடு கீழத்தெருப் பக்கம் திரும்பினான்.

"எங்கண்ணே போறீங்க?"

"போன வருசம் குடுத்த அறையைத் திருப்பி வாங்கிட்டு வாரேன்."

ஒச்சம்மாள் மூக்கைச் சிந்திப்போட்டுவிட்டு, அவன் பின்னாலேயே நடந்தாள்.