எஞ்சின் பக்கத்துக் காது

பட்டினப்பாக்கத்து ஆரோக்கியராஜும் முனியனும் ஒரே ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர்கள். பின்னால் உட்கார்ந்து எஞ்சினைப் பிடிப்பது ஆரோக்கியராஜ்; முன்னால் நின்று வலையைப் பார்த்துக்கொள்வது முனியன். அன்று காலை முனியன் "நிறுத்து!" என்று கத்தினார். அது ஆரோக்கியராஜின் காதில் "திருப்பு!" என்று விழுந்தது. படகு திரும்பியது. வலை எஞ்சின் விசிறியில் சிக்கி நார்நாராகக் கிழிந்தது.

கரைக்கு வந்து கிழிசலைத் தைக்கும்போதும் சண்டை ஓயவில்லை.

"திருப்புன்னு நீதான்டா சொன்ன," என்றார் ஆரோக்கியராஜ்.

"நான் எங்க சொன்னேன்? உன் காதுல ஓட்டை கீதா, அடைச்சிக்கினு போச்சா?"

"என் காது சோக்கா கீது. உன்னைத்தான் வூட்ல நாலு தபா கூப்டணும்."

வேலை முடிந்து நந்தனத்திலிருந்து வந்த ஆரோக்கியராஜின் மகள் அனு கொஞ்ச நேரம் இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "நைனா, மாமா, ரெண்டு பேரும் சனிக்கிழமை எங்கூட மைலாப்பூர் வாங்க. காது டெஸ்ட் எடுக்கலாம். யாரு காது சரியில்லன்னு மிஷினே சொல்லிடும்."

இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். மற்றவனின் மானம் போகப் போகிறது என்பதில் இருவருக்குமே சந்தேகம் இல்லை.

சனிக்கிழமை கிளினிக் வாசலிலேயே முனியன் தயங்கினார். "ஊசி போடுவாங்களாம்மா?"

"ஊசியும் கிடையாது, வலியும் கிடையாது. உட்காருங்கண்ணா," என்று சிரித்தாள் சோதனை செய்யும் மதுமதி. காதில் இரைச்சல் உண்டா, தலைசுற்றல் உண்டா, வேலை செய்யும் இடத்தில் சத்தம் அதிகமா என்று கேட்டாள். கேள்வி முடிவதற்குள்ளேயே எல்லாவற்றுக்கும் "இல்ல" என்றார் ஆரோக்கியராஜ்.

பிறகு சின்ன விளக்கால் காதுக்குள் பார்த்தாள். ஆரோக்கியராஜுக்குச் சுத்தமாக இருந்தது. முனியனுக்கு இரண்டு காதிலும் அழுக்கு இறுகி அடைத்திருந்தது.

"பாத்தியா! உள்ள குடோனே வச்சிக்கினு கீறான்!" என்று தொடையைத் தட்டினார் ஆரோக்கியராஜ்.

பக்கத்து அறையில் டாக்டர் ஸ்ரீஹரி அந்த அழுக்கை உறிஞ்சி எடுத்தார். வெளியே வந்த முனியன் அண்ணாந்து பார்த்தார். "இன்னாபா இது, ஃபேன் இவ்ளோ சத்தமா ஓடுது?"

முனியனின் சோதனை சீக்கிரமே முடிந்தது. அடுத்து ஆரோக்கியராஜ் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் போனார். ஹெட்போனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள் மதுமதி. "எவ்வளவு சின்ன சத்தம் கேட்டாலும் அமுக்குங்க."

ஜெயித்தே தீர வேண்டும் என்ற வேகத்தில் அவர் அமுக்கித் தள்ளினார். மதுமதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "அண்ணா, நான் இன்னும் சத்தமே அனுப்பலையே!"

வெளியே அனு துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாம் முறை ஆரோக்கியராஜ் கண்ணை மூடிக்கொண்டு ஒழுங்காகக் கேட்டார். முதலில் தடித்த ஒலிகள் வந்தன. பிறகு மெல்லிய விசில் போல ஏதோ வந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை. முடிந்துவிட்டதோ என்று கண்ணைத் திறந்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மதுமதியின் விரல் இயந்திரத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது, தனக்குத்தான் கேட்கவில்லை. கடைசியில் சில சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னபோது, 'தட்டு' என்றதைக் 'கட்டு' என்றார்.

மதுமதி கோடு போட்ட தாளைக் காட்டி விளக்கினாள். முனியனுக்கு இப்போது பெரிய குறை இல்லை. ஆரோக்கியராஜுக்கு இடது காதில் மெல்லிய ஒலிகள் கேட்பது குறைந்திருந்தது. "எஞ்சின் உங்களுக்கு எந்தப் பக்கம்?"

"இடது கைப் பக்கம்."

"அதோட இரைச்சல்தான். போனது திரும்ப வராது. ஆனா இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம். எஞ்சின் ஓடும்போது காதுல அடைப்பான் வச்சுக்கங்க, வருஷா வருஷம் வந்து பாருங்க. காதுல மிஷின் மாட்டுற அளவுக்கெல்லாம் இப்போ இல்ல."

ஆரோக்கியராஜ் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அன்னிக்கு நீ நிறுத்துன்னுதான் சொல்லியிருப்படா," என்றார் மெதுவாக.

முனியன் குதிப்பார் என்று அனு எதிர்பார்த்தாள். அவரோ நண்பரின் தோளில் கை போட்டார். "வுடு மச்சான். எனக்கும்தான் அடைச்சிக்கினு இருந்துச்சு. நான் இன்னா சொன்னேன்னு எனக்கே தெரியுமா?"

"அடைப்பான் வச்சா நீ கத்துறது சுத்தமா கேக்காதேடா."

"நான் ஏன் கத்துறேன்? கையைத் தூக்குனா நிறுத்து. சுத்துனா திருப்பு. அவ்ளோதான்."

தெருவுக்கு வந்ததும் முனியன் நடைபாதையில் முன்னால் போய் நின்று, படகில் நிற்பது போலக் காலை அகட்டிக் கையைத் தூக்கினார். ஆரோக்கியராஜ் நின்றார். கூடவே ஓர் ஆட்டோவும் வந்து நின்றது.

"எங்கண்ணே போவணும்?"

அனுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூவரும் ஏறிக்கொண்டார்கள். சாந்தோம் வரைக்கும் ஒவ்வொரு ஹாரனுக்கும் முனியன் காதைப் பொத்திக்கொண்டு, இந்த ஊரில் மனுஷன் எப்படித்தான் இருக்கிறான் என்று திட்டிக்கொண்டே வந்தார்.