சிவப்பு அம்பு

குன்னூரில் அந்த சாண்ட்விச் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போனால் டோக்கன் வாங்கி ஒரு மணி நேரமாவது நிற்க வேண்டும். திருப்பூரிலிருந்து விடிகாலையில் கிளம்பி வந்த நான்கு பெண்களும் நின்றார்கள். கடைசியில் கண்ணாடியோர மேசை கிடைத்தது. நால்வருக்கும் ஒரே பனியன் கம்பெனி. அனுப்ரியாவும் கலைமகளும் செக்கிங். மூன்று வருடமாக ஹாஸ்டலில் ஒரே அறை. கிருத்திகா பேக்கிங். தேஜஸ்ரீ ஆபீஸ், அதோடு, வருகிற ஆவணியில் அனுப்ரியாவைக் கட்டப்போகிற செந்தில்வேலின் தங்கை.

அனுப்ரியா கழுத்தில் சால்வை சுற்றியிருந்தாள். மலைக்குளிர் அதற்குத் தோதாக அமைந்தது. உள்ளே, இடது காதுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு வெண்புள்ளி. கலைமகளைத் தவிர யாருக்கும் தெரியாது. களிம்பு தடவிவிடுகிறவளே அவள்தான். இது ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வெள்ளிக்கிழமை செந்தில்வேலைப் பார்த்துத் தானே சொல்லிவிடுவதென்று அனுப்ரியா முடிவு செய்திருந்தாள். தன் வாயால் சொன்னால் அவன் கேட்டுக்கொள்வான். அடுத்தவர் வாயால் போனால் கல்யாணம் நிற்கும். இதையும் கலைமகளிடம்தான் சொல்லியிருந்தாள்.

ஆர்டர் வரத் தாமதமானது. கலைமகள் பையிலிருந்து சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ரோலை எடுத்தாள். துணியில் ஓட்டையோ கறையோ கண்டால், இதோ இங்கே என்று காட்டி ஒட்டுகிற அம்பு.

"சும்மா உக்காந்துட்டு என்ன பண்றது? ஆளாளுக்கு ஒரு செக்கிங் போட்டுப்போடலாமா?"

கிருத்திகாவின் கோணல் புருவத்தில் ஒன்று. "தையல் வளஞ்சிருச்சு!" தேஜஸ்ரீயின் எத்துப்பல்லுக்காக உதட்டோரம் ஒன்று. "மெஷர்மெண்ட் அவுட்டுங்க!" தன் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டாள். "இது டபுள் எக்ஸெல்லு. ரிஜெக்ட் பண்ண ஆருக்குந் தெம்பு கெடையாது." பக்கத்து மேசையும் சிரித்தது.

தேஜஸ்ரீ, "எங்க அண்ணிக்கு ஒட்ட எடமே இல்லீங்க. எங்கண்ணன் தேடிப் புடிச்ச பீஸு, நேரா பேக்கிங்தான்!" என்றாள்.

அதற்கு விழுந்த சிரிப்பு கலைமகளுக்கு விழுந்ததைவிடப் பெரிது.

"அப்படீங்களா? மூணு வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?" என்றாள் கலைமகள்.

அனுப்ரியா மேசைக்கடியில் அவள் முழங்காலைப் பிடித்து அழுத்தினாள். கலைமகளுக்குப் புரிந்தது. புரிந்த பிறகுதான் அவள் முகத்தில் களையே வந்தது.

"பாத்துட்டு ஒட்டாம உட்டா என்ர கை அரிக்கும் புள்ள." சால்வையை ஒரே இழுப்பு. வெண்புள்ளிக்குப் பக்கத்தில், முனை பிசகாமல், அம்பை ஒட்டினாள்.

கிருத்திகா சிரிக்க வாய் திறந்து மூடிக்கொண்டாள். தட்டுகளோடு வந்த ஆளும் பார்த்துவிட்டுத்தான் வைத்தான்.

"இது எப்ப இருந்துங்க?" என்றாள் தேஜஸ்ரீ.

"நாலு வருசமா. ஒட்டாது கண்ணு, டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. வெள்ளிக்கெழம உங்கண்ணங்கிட்ட நானே சொல்லலாம்னு…"

"அதுக்கென்னங்க. ஒடம்புன்னா ஆயிரம் இருக்கும்."

சொல்லிவிட்டு தேஜஸ்ரீ செல்போனோடு வெளியே போனாள். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவள் பேசிக்கொண்டே தன் கழுத்தில் கைவைத்து, எந்த இடம், எவ்வளவு அகலம் என்று அளந்தாள். போனில் இருப்பவருக்கு அது தெரியாது என்பதுகூட அவளுக்கு மறந்திருந்தது.

"அட, வெளையாட்டுக்குத்தான? மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத," என்று கலைமகள் ஒரு கடி கடித்தாள். "என்னிக்கிருந்தாலும் தெரியறதுதான். சீஸு அள்ளிப் போட்டிருக்கான், சாப்புடு."

தேஜஸ்ரீ திரும்பி வந்தாள். அவளுக்கும் அனுப்ரியாவுக்கும் சேர்த்து வாங்கிய பெரிய சாண்ட்விச் நடுவில் இருந்தது. நாற்காலியைக் கிருத்திகா பக்கம் நகர்த்தி உட்கார்ந்துகொண்டு, தட்டை ஒற்றை விரலால் தள்ளினாள்.

"நீங்களே முழுசாச் சாப்புடுங்க அக்கா. எனக்குப் பசியில்லீங்க."

அனுப்ரியா முழுசாகச் சாப்பிட்டாள். மிச்சம் வைத்தால் இந்த மேசையில் அதை யாரும் தொடமாட்டார்கள். அதையும் உட்கார்ந்து பார்க்க அவளால் முடியாது.